தமிழ் கார்டை எடுத்தவள்

இல்லையம்மா, மிக்சி இல்லை. கிரைண்டரும் இல்லை. கண்டக்டரும் அப்படித்தான் நினைத்துக்கொண்டு லக்கேஜ் டிக்கெட் போட்டுவிட்டுப் போனார். இது கம்ப்யூட்டர். ஆமாம், அந்தக் காலத்துக் கம்ப்யூட்டர் இந்த எடைதான் இருக்கும். இதனுடைய திரை வேறு இருக்கிறது, போர்வையில் சுற்றிப் பின்னால் டிக்கியில் போட்டிருக்கிறேன். உனக்குக் கால் நீட்ட இடமில்லை என்று தெரிகிறது. கந்தர்வகோட்டையில் கொஞ்சம் கூட்டம் இறங்கும், அதுவரைக்கும் பொறுத்துக்கொள்.

நீயும் தஞ்சாவூர்தானே? என்ன வேலை பார்க்கிறாய்? கம்ப்யூட்டர் கம்பெனியா! பார், யார் பக்கத்தில் இடம் கிடைத்திருக்கிறது எனக்கு. அப்படியென்றால் நான் சொல்கிறது உனக்குப் புரியும். கம்ப்யூட்டர் விஷயம் புரியாவிட்டாலும் நியாயம் யார் பக்கம் என்பது புரியும். அது போதும் எனக்கு.

புதுக்கோட்டையில் கீழ ராஜ வீதியில் ஒரு மாடிப்படிக்கு மேலே ‘இரட்டைக்கிளி டி.டி.பி. சென்டர்’ என்று போர்டு இருந்தது. இப்போது அங்கே மொபைலுக்கு உறை விற்கிறார்கள். அந்த இரண்டு கிளியில் ஒன்று நான், வத்சலா. இன்னொன்று தமயந்தி. கல்லூரியில் ஒரே பெஞ்சு, எம்.ஏ. தமிழ். படித்து முடித்து, கல்யாணம் ஆகி, பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விட்டபிறகு, சும்மா இருக்க வேண்டாம் என்று சேர்ந்து கடை போட்டோம். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி, தேர்தல் நோட்டீஸ், எல்லாம் எங்களிடம் வரும். அவள் தட்டச்சு செய்வாள். நான் பிழை பார்ப்பேன், வருகிறவர்களிடம் பேசுவேன். பேச்சு எனக்குக் கொஞ்சம் வரும்.

இந்தப் பெட்டி திருச்சியில் ஏதோ ஒரு ஆபீசில் கழித்துப்போட்டது. அங்கே என்னவெல்லாம் வேலை பார்த்ததோ, அதற்கு ஏற்ற மாதிரி உள்ளே என்னென்னவோ கார்டுகள். மூடியைத் திறந்தால், அலமாரியில் புத்தகம் நிற்கிற மாதிரி வரிசையாக நிற்கும். எது எதற்கு என்று எங்களுக்குத் தெரியாது. தெரிந்து என்ன ஆகப்போகிறது? வயிற்றுக்குள் என்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டா சாப்பிடுகிறோம்?

ஆனால் அதற்குத் தமிழ் தெரியாது. அப்போதெல்லாம் தமிழ் எழுத்து வரவேண்டும் என்றால் தனியாக ஒரு கார்டு வாங்கி உள்ளே சொருக வேண்டும். சிரிக்காதே. உன் போனில் இன்றைக்குத் தமிழ் தண்ணீர் மாதிரி வருகிறது. அன்றைக்கு அது பச்சை நிறத்தில் ஒரு பலகையாகத்தான் வந்தது. மெட்ராஸிலிருந்து ஒருத்தர் கொண்டுவந்து மாட்டிவிட்டுப் போனார். அன்றைக்குப் பார்த்து நான் அறந்தாங்கிக்கு ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தேன். இதை ஞாபகம் வைத்துக்கொள், இதுதான் முக்கியம். கார்டை மாட்டும்போது பார்த்தவள் அவள் ஒருத்திதான்.

நான் திரும்பி வந்தால் திரையில் தமிழ்! எழுத்தெல்லாம் சரியாக வருகிறதா என்று சோதித்துப் பார்க்க அவளே ஒரு வரி கட்டியிருந்தாள். ‘ஞாயிற்றுக்கிழமை மழையில் வத்சலா வெள்ளரிப்பழம் வாங்கி ஏமாந்தாள்.’ ஞ வருகிறதா, ழ வருகிறதா, ள வருகிறதா, எல்லாம் அதில் தெரிந்துவிடும். அதற்காக என் மானத்தை வாங்கவேண்டுமா? கம்ப்யூட்டரை எப்போது திறந்தாலும் முதலில் இந்த வரி வருகிற மாதிரி வேறு செய்துவைத்துவிட்டாள். பத்திரிகை அடிக்க வருகிற மாப்பிள்ளை வீட்டார் எல்லாம் படித்துவிட்டு, “வத்சலா யாருங்க?” என்று கேட்பார்கள். இவள் என்னை விரலால் காட்டுவாள்.

நான் வாங்கிவந்தது வெள்ளரியே இல்லை, தெரியுமா? கிர்ணிப்பழம். இனிக்கத்தான் செய்தது. அவளுக்கு அன்றைக்கு ஜலதோஷம், நாக்கு செத்துப்போயிருந்தது. அதைச் சொன்னால் கேட்கமாட்டாள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

ஆயுத பூஜைக்கு வருஷா வருஷம் கம்ப்யூட்டருக்கும் பொட்டு வைப்போம். வெளியேதான், திரைக்கு மேலே ஒன்று, பெட்டிக்கு ஒன்று. அந்த வருஷம் வேலை கொஞ்சம் மந்தம். எதிர்வாடையில் புதிதாக ஒரு கடை வந்துவிட்டது. நான் யோசித்தேன். அரிவாள்மணைக்கு வைக்கிறோம் என்றால் வெட்டுகிற இடத்தில்தானே வைக்கிறோம்? வேலை செய்கிற இடத்தை விட்டுவிட்டு மூடிக்கு வைத்தால் என்ன அர்த்தம்? திருப்புளியை எடுத்து மூடியைக் கழற்றினேன்.

“வெளிய வச்சாப் போதும்டி. உள்ளே எதுக்கு நோண்டுறே?” என்றாள் தமயந்தி.

“சரஸ்வதி உள்ளேதாண்டி இருக்கா” என்றேன்.

“இருந்தா நிம்மதியா இருக்கட்டும், விடு” என்று சொல்லிவிட்டு அவள் தஞ்சாவூருக்கு பஸ் ஏறிவிட்டாள், அவள் அக்கா வீட்டுக்கு. நான் ஒவ்வொரு கார்டாகப் பிடுங்கி, தூசி தட்டி, மெல்லிய துணியால் துடைத்து, தகரப் பக்கத்தில் ஒரு பொட்டு வைத்துத் திரும்பச் சொருகினேன். ஒரு கார்டு மட்டும் நல்ல நீளம், வீட்டுக்கு மூத்தவர் மாதிரி இருந்தது. அதற்கு மட்டும் கொஞ்சம் தாராளமாக, கீழே தங்கப் பல்வரிசை மாதிரி மினுங்குமே, அது முழுக்கச் சந்தனம், நடுநடுவே குங்குமம். பார்க்கவே கண் நிறைந்தது. அந்த இடம்தானே தங்கம்? வைக்கிறதைத் தங்கத்தில் வைப்போம் என்று வைத்தேன்.

ஏன் அப்படிப் பார்க்கிறாய்? தண்ணீர் வேண்டுமா?

மறுநாள் விஜயதசமி. நல்ல நேரம் பார்த்து சுவிட்சைப் போட்டோம். கம்ப்யூட்டர் வந்தது. இங்கிலீஷ் வந்தது. தமிழ் வரவில்லை. ‘கார்டைக் காணவில்லை’ என்று இங்கிலீஷில் ஒரு வரி. நானா சொன்னேன்? கம்ப்யூட்டரே புகார் கொடுக்கிறது!

நான் உடனே மூடியைத் திறந்து பார்த்தேன். ஆத்திரப்பட்டுப் பேசுகிறவள் இல்லை நான், எதையும் சோதித்துவிட்டுத்தான் பேசுவேன். ஒவ்வொரு கார்டையும் இரண்டு பக்கமும் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஒன்றிலாவது தமிழ் இல்லை. நம்பர், நம்பர், நம்பர். எல்லாம் இங்கிலீஷ் எழுத்து. தமிழ் கார்டு என்றால் அதில் ஒரு ‘அ’ என்றாவது போட்டிருக்க வேண்டாமா? தெலுங்குக் கார்டு எது, தமிழ் கார்டு எது என்று விற்கிறவனுக்குத்தான் எப்படித் தெரியும்? ஆக, தமிழ் கார்டு உள்ளே இல்லை.

அப்புறம் யோசித்துப் பார். கார்டு எப்படி இருக்கும் என்று தெரிந்தவள் ஒருத்தி. அந்த ஒருத்தி நேற்றுத் தஞ்சாவூருக்குப் போய்விட்டு வந்திருக்கிறாள், பெரிய பையோடு. தஞ்சாவூரில் ஒரு அச்சகத்துக்காரர் அவளை வேலைக்கு வரச்சொல்லி ஆள்மேல் ஆள் அனுப்பிக்கொண்டிருந்தார், அதுவும் எனக்குத் தெரியும். நீயே கூட்டிப் பார்.

“தமா, கார்டைக் குடுத்துட்டுப் போ” என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். எதிரே ஒரு பெண் வீட்டுக்காரர் உட்கார்ந்திருந்தார், மஞ்சள் தடவிய காகிதத்தில் பத்திரிகை வாசகம் எழுதிக் கொண்டுவந்திருந்தார்.

தமயந்திக்கு முதலில் புரியவில்லை. “எந்த கார்டு?” என்றாள். புரிந்ததும் பையை எடுத்து மேஜைமேல் அப்படியே கவிழ்த்தாள். சீப்பு, கைக்குட்டை, மடக்குக் குடை, பஸ் டிக்கெட், ஒரு கொய்யாப்பழம். கொய்யா உருண்டு போய்க் கீபோர்டில் முட்டி நின்றது.

“பாத்துக்க” என்றாள். அப்புறம் எல்லாவற்றையும் திரும்பப் பையில் போட்டுக்கொண்டாள், கொய்யாவைத் தவிர. கடைச் சாவியை அதன் பக்கத்தில் வைத்துவிட்டுப் படி இறங்கிவிட்டாள்.

நீயே சொல், பையில் இல்லை என்றால் எடுக்கவில்லை என்று ஆகிவிடுமா? தஞ்சாவூரில் வைத்துவிட்டு வந்திருக்கலாமே?

கொய்யாவா? சாப்பிட்டேன். அது எனக்காக வாங்கி வந்தது. அவள் தஞ்சாவூர் போனால் எனக்கு ஒரு கொய்யா வரும், அது வழக்கம். பழம் என்ன பாவம் செய்தது?

அதற்கப்புறம் கடை எங்கே ஓடும்? ஒரு வருஷம் இங்கிலீஷ் விண்ணப்பம் மட்டும் அடித்துக் கொடுத்துப் பார்த்தேன். பெயின்டரைக் கூப்பிட்டு, போர்டில் ஒரு கிளியை மட்டும் அழிக்க முடியுமா என்று கேட்டேன். “ரெண்டும் ஒரே கிளையில ஒட்டி உக்காந்திருக்கும்மா, ஒண்ணை அழிச்சா இன்னொண்ணுக்கு றெக்கை போயிரும்” என்றான். சரி, வெயிலில் தானாக மங்கட்டும் என்று விட்டுவிட்டேன். இரண்டும் ஒன்றாகத்தான் மங்கின.

இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் ஆயிற்று. ஒரு பேச்சு கிடையாது. தஞ்சாவூரிலேயே வீடு கட்டிவிட்டாள், அவள் வீட்டுக்காரர் தவறிப்போனபோதுகூட நான் போகவில்லை. போகக் கிளம்பினேன், கந்தர்வகோட்டைவரைக்கும் வந்து திரும்பிவிட்டேன். இதோ, இந்த ஊர்தான். இங்கேதான் இறங்கி, ஒரு டீ குடித்துவிட்டு, எதிர் பஸ் ஏறினேன். பார், கூட்டம் இறங்குகிறது, நீ காலை நீட்டிக்கொள்.

போன மாதம் தையல்கடையில் ஒரு பேச்சு காதில் விழுந்தது. தமயந்தி மெல்பர்னுக்குப் போகிறாளாம், மகனிடம். வீட்டை விற்றாயிற்று, இனி இந்தப் பக்கம் வரமாட்டாளாம். குற்றத்தை நிரூபிக்காமல் அவளை விமானம் ஏற விடுவதா? அவள் பாட்டுக்குப் போய்க் கங்காரு பார்த்துக்கொண்டிருப்பாள், நான் இங்கே உட்கார்ந்து யாரிடம் கேட்பது?

பரணிலிருந்து பெட்டியை இறக்கச் சொன்னேன். “எதுக்கு இப்போ இது? பழைய இரும்புக்குப் போடலாம்னா?” என்றார் எங்கள் வீட்டுக்காரர். “சாட்சி இது” என்றேன். “யாருக்கு?” என்றார். அவருக்கு எப்போதும் இப்படி ஒரு குறுக்குக் கேள்வி.

நான் போட்ட திட்டம் இதுதான். உள்ளே இருக்கிற ஒவ்வொரு கார்டும் என்ன கார்டு என்று கண்டுபிடிப்பது. எல்லாம் வேறு வேறு கார்டு என்று தெரிந்துவிட்டால், தமிழ் கார்டு இல்லை என்று ருசுவாகிவிடும். போன் இருக்கிறது, படம் எடுக்கத் தெரியும். பழைய கம்ப்யூட்டர் பைத்தியங்களுக்கு என்று இண்டர்நெட்டில் ஒரு குழு இருக்கிறது, உலகம் முழுக்க ஆள். சேர்ந்துவிட்டேன்.

என்ன மனுஷர்கள் அம்மா அவர்கள்! ஒரு படத்தைப் போட்டால் தேனீ மாதிரி மொய்க்கிறார்கள். போலந்தில் ஒருத்தர், பேர் வாயில் நுழையாது, அவர்தான் என் வாத்தியார் மாதிரி ஆகிவிட்டார். பின்பக்கத் துளையைப் பாருங்கள், சிப்பின்மேல் உள்ள எண்ணை வெளிச்சத்தில் சாய்த்துப் படியுங்கள், என்று பொறுமையாகச் சொல்வார். திரை மாட்டுகிற துளை உள்ளது படம் காட்டுகிற கார்டு. அகலத் துளை உள்ளது பிரின்டருக்கு. பட்டை ஒயர் போகிறது டிஸ்குக்கு. ஒரு குட்டிக் கார்டு என்னவென்றே தெரியவில்லை. கையால் உருட்டுகிற ஸ்கேனருக்கு உள்ளது என்று பிரேசில்காரர் ஒருவர் சொன்னார். அதில்தான் பத்திரிகைக்குப் பிள்ளையாரை உருட்டி ஏற்றினோம்! எனக்கே மறந்துபோயிருந்தது. முன்பக்கம் ஒரு ஒடுக்கமான வாய் இருக்கும், பாட்டு கேசட் போடுகிற இடம் என்று நான் வருஷக்கணக்காக நினைத்துக்கொண்டிருந்தேன். அது டேப் டிரைவாம், டிஸ்கில் இருக்கிறதை நகல் எடுத்து வைக்க. தமயந்தி அப்போதே சொன்னாள் என்று நினைக்கிறேன். அவள் நிறையச் சொல்வாள்.

கடைசியில் அந்த நீளக் கார்டு மட்டும் மிஞ்சியது. அது என்னவென்று ஒருத்தருக்கும் தெரியவில்லை. பேக்ஸ் அனுப்புகிற கார்டு என்றார் ஒருவர். தொழிற்சாலை மெஷின் ஓட்டுகிறது என்றார் இன்னொருவர். இரண்டு பேருக்கும் சண்டையே வந்துவிட்டது. அப்போது போலந்துக்காரர் கேட்டார், ‘அம்மையாரே, அந்தப் பல்வரிசையில் மஞ்சளாகக் கட்டியிருக்கிறதே, அது என்ன? பேட்டரி கசிந்ததா?’

‘கசிவு இல்லை, சந்தனம்’ என்று எழுதினேன். சந்தனம் என்றால் என்ன, பூஜை என்றால் என்ன, எல்லாம் விளக்கினேன். அப்புறம் எழுதினார், ‘மிக அழகான வழக்கம். ஆனால் மின்சாரம் அதன் வழியாகப் போகாது. ரப்பரால் தேய்த்து, ஸ்பிரிட்டால் துடைத்துவிடுங்கள்.’

வெள்ளைக்காரருக்கு நம் வழக்கம் எங்கே தெரியும்? ஆனால் பெரிய மனுஷர், இவ்வளவு நாள் உதவி செய்தவர். மரியாதைக்காகத் துடைத்தேன்.

அதற்குள் புனேயிலிருந்து ஒரு அம்மாள் வந்துவிட்டார். ‘இது எங்கள் ஆபீசிலும் இருந்தது. இந்திய மொழி எழுத்துகளுக்கான கார்டு’ என்று.

நான் சமையல்கட்டில் போய் அடுப்பைப் பற்றவைத்தேன், எதற்கு என்று தெரியாமல் அணைத்தேன். எங்கள் வீட்டுக்காரர் பேப்பருக்குப் பின்னாலிருந்து, “அப்போ கார்டு பொட்டியிலேயேதான் இருந்துச்சா?” என்றார்.

“இப்போ இருக்கு” என்றேன். “அப்போ இருந்துச்சுன்னு யார் சொன்னா?”

ஏன் சிரிக்கிறாய்? நீ நினைக்கிறதை நானும் நினைத்துப் பார்த்தேன். ஆனால் கம்ப்யூட்டரே காணவில்லை என்று சொன்னதே? அது பொய் சொல்லுமா? நடந்தது என்னவென்றால், எடுத்தவளுக்கு மனசு உறுத்தியிருக்கிறது. அவளிடம் மாற்றுச் சாவி ஒன்று இருந்திருக்கும். நாங்கள் பழனிக்குப் போயிருந்தபோது வந்து திரும்ப வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். சந்தனமா? நான் வைத்த மாதிரியே அவளும் வைத்துவிட்டாள், சந்தேகம் வரக்கூடாது என்று. கெட்டிக்காரி அவள், சாதாரணமாக நினைக்காதே.

மறுபடி எல்லாவற்றையும் சொருகி சுவிட்சைப் போட்டேன். உள்ளே இருந்த பேட்டரி செத்துவிட்டதால் அதற்குத் தேதி மறந்துபோய்விட்டது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பது, ஜனவரி ஒன்று என்கிறது. அன்றைக்கு நானும் தமயந்தியும் கல்லூரி விடுதி மொட்டைமாடியில் தலை காயவைத்துக்கொண்டு இருந்திருப்போம். டிஸ்குக்குத் தன் பேரே மறந்துவிட்டது, அதன் மேலே ஒட்டியிருந்த எண்களை வாத்தியார் சொல்லச் சொல்ல நான் தட்டிக் கொடுத்தேன். உர் என்று ஒரு சத்தம். பழைய தையல் மெஷின் ஓடுகிற மாதிரி.

அப்புறம் வந்தது.

‘ஞாயிற்றுக்கிழமை மழையில் வத்சலா வெள்ளரிப்பழம் வாங்கி ஏமாந்தாள்.’

பச்சை எழுத்தில், ஒரு எழுத்துக்கூடக் குறையாமல். “அது வெள்ளரி இல்லைடி, கிர்ணி” என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்கிறேன், அவள் நாற்காலி இருக்கிற பக்கம். அங்கே எங்கள் வீட்டு இஸ்திரி மேஜைதான் இருந்தது.

துடைத்ததால் வந்தது என்று சொல்லாதே. அன்றைக்கு வெள்ளிக்கிழமை, வளர்பிறை. நான் சாமி கும்பிட்டுவிட்டுத்தான் சுவிட்சைப் போட்டேன்.

திரையைப் போட்டோ எடுத்து அவளுக்கு அனுப்பினேன். நம்பர் என்னிடம் எப்போதும் உண்டு, என்றைக்காவது திட்ட வேண்டி வந்தால் வேண்டுமே. ஒரு வார்த்தை எழுதவில்லை, வெறும் படம். நான் ஏன் முதலில் பேச வேண்டும்? உடனே பார்த்துவிட்டாள், நீலக் குறி வந்துவிட்டது. நான் துணி காயப்போட்டேன், எடுத்தேன், மடித்தேன். சாயங்காலம் பதில் வந்தது. ‘எந்த பஸ்?’

அவ்வளவுதான். எப்படி இருக்கிறாய் கிடையாது, ஒன்றும் கிடையாது. எந்த பஸ்ஸாம்!

அதனால்தான் போகிறேன். திங்கட்கிழமை அவளுக்கு விமானம். அதற்குள் அவள் கண்ணெதிரே இதை ஓடவிட்டுக் காட்டிவிட வேண்டும். அவள் மன்னிப்புக் கேட்க ஒரு சந்தர்ப்பம் கொடுக்க வேண்டாமா? கடல் தாண்டிப் போகிறவள், மனசில் பாரத்தோடு போகக்கூடாது. நான் கேட்டால் போதும், ‘ஏண்டி எடுத்தே?’ என்று. கோபமாகக்கூட இல்லை, சாதாரணமாக. அவள் அழுதால் நான் பரவாயில்லை என்பேன். இந்தப் பையில் ஒரு கிர்ணி வைத்திருக்கிறேன், அறுத்துக் கொடுத்து அந்தக் கணக்கையும் தீர்த்துவிடலாம்.

பஸ் ஸ்டாண்டா? அதற்குள் வந்துவிட்டதா?

அதோ. அந்தத் தூணுக்குப் பக்கத்தில், குடையோடு. வெயிலும் இல்லை மழையும் இல்லை, எதற்குக் குடை? அப்படியேதான் இருக்கிறாள். தலை மட்டும் பஞ்சு மாதிரி ஆகிவிட்டது. இளைத்துவிட்டாள், இல்லை? நீ முன்னே பார்த்ததில்லை, உனக்கு எப்படித் தெரியும். இளைத்துவிட்டாள். அந்தக் கையில் என்ன அது, கொய்யாவா?

நான் முதலில் பேசமாட்டேன் என்று சொன்னேன் அல்லவா? பேசப்போவதில்லை. கொஞ்சம் அந்த ஜன்னலைத் தள்ளம்மா. இன்னும் தள்ளு.

“ஏய் தமா! அது வெள்ளரி இல்லைடீ! கிர்ணி! கிர்ணி!”

கேட்டாயா? ‘வெள்ளரிதாண்டி, முதல்ல இறங்கு’ என்கிறாள். இத்தனை வருஷத்துக்கு அப்புறம் முதல் பேச்சு, அதிலும் பொய்!

அந்தப் பக்கம் பிடித்துக்கொள்கிறாயா? மகராசியாக இருப்பாய். மெதுவாக. சாய்க்காதே, சாய்க்காதே. இன்றைக்கும் வெள்ளிக்கிழமை ஆயிற்றே, கிளம்புகிறபோது மூடியைத் திறந்து எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்துவிட்டுத்தான் வந்தேன். இப்போதுதான் எது தமிழ் என்று தெரிந்துவிட்டதே, அதற்கு மட்டும் பல்வரிசை முழுக்க, நிறைவாக. சந்தனம் இன்னும் காய்ந்திருக்காது.